ஹோஸ் அழுத்தும் கருவி: சங்கம் வாங்கலாமா, வேண்டாமா?

(சென்ற காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)



இந்தத் தலைப்பில் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, நம் குடியிருப்பில் ஹோஸ் கிரிம்பிங் கருவி வைத்திருக்கும் ஒரே ஆள் நான் என்பதுதான். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆகவே இன்ஜினைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பலாம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாம் இருப்பது அடி அண்ணாமலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்குப் பக்கம். பௌர்ணமி என்றால் பாதையில் வண்டி விடமாட்டார்கள். தீபத் திருவிழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். அந்த நாட்களில் வண்டி மக்கர் செய்தால் ஊருக்குள் இருந்து மெக்கானிக் வர முடியாது, நாமும் போக முடியாது. போதாக்குறைக்குக் கீழ்த்தளத்தில் எலித் தொல்லை. போன மழைக்காலத்தில் மட்டும் மூன்று வண்டிகளில் ரப்பர் ஹோஸைக் கடித்து வைத்திருந்தன. அதனால்தான் சங்க நிதியில் பொதுவாக ஒரு ஹோஸ் கிரிம்பிங் கருவி வாங்கி வைத்தால் என்ன என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எந்தக் கருவி என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஹோஸ் என்பது ரப்பர். அது போய்ச் சேரும் இடம் உலோகக் குழாய். இரண்டும் பிரியாமல் இருக்க மேலே ஏதாவது ஒன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, ஹோஸின் மேல் ஒரு பட்டையைப் போட்டு இறுக்குவது. இதுதான் கிளாம்ப். இன்னொன்று, உள்ளே நிப்பிள், வெளியே உலோக உறை என்று வைத்து, உறையைச் சுற்றிலும் நசுக்கி ரப்பரைக் கவ்வ வைப்பது. அந்த உறையைக் கடைக்காரர்கள் கேப் என்பார்கள். ஜே.சி.பி. ஹோஸ், டிராக்டர் ஹைட்ராலிக் ஹோஸ், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் ஹோஸ் எல்லாம் இந்த இரண்டாவது வகை. இரண்டையும் நாம் கிரிம்பிங் என்றே சொல்கிறோம். பெயர் ஒன்று, வேலை வேறு. நான் ஏமாந்தது அங்கேதான்.

எந்த ஹோஸில் எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்தால் பாதி புரிந்துவிடும். டயருக்கு ‘முப்பது பாயிண்ட் வைங்க’ என்கிறோமே, அந்த 30 என்பது பி.எஸ்.ஐ. கணக்கு. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஹோஸில் சூடான நிலையில் சுமார் 15. அதாவது டயரில் பாதி. இஞ்செக்‌ஷன் வகை பெட்ரோல் காரின் பெட்ரோல் ஹோஸில் 45 முதல் 60. பழைய கார்புரேட்டர் பைக்கில் பெட்ரோல் தானாக இறங்குகிறது, அழுத்தம் என்று சொல்லவே ஒன்றும் இல்லை. கார் ஏ.சி.யின் உயர் அழுத்தப் பக்கத்தில் நம் ஊர் வெயிலுக்கு 200, 250, சில சமயம் 300கூடப் போகும். பவர் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 1,000க்கு மேல். பிரேக்கை அழுத்தி மிதித்தால் அதுவும் 1,000க்கு மேல்.

15க்கும் 1,000க்கும் ஒரே கருவி போதும் என்று நினைத்தவன் நான்.

எங்களிடம் இருப்பது பழைய சின்ன கார். அதன் பவர் ஸ்டியரிங் ஹோஸில், கேப் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்தது. மெக்கானிக் முழு ஹோஸையும் மாற்றச் சொன்னார். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய, பென்ஷன் அளவோடு. ஆன்லைனில் தேடினேன். ‘ஹோஸ் கிரிம்பிங் கருவி, நான்கு டையுடன், எல்லா வாகனங்களுக்கும்’ என்று போட்டிருந்தது. ஆறாயிரத்துச் சொச்சம். படத்தில் கனமாக, கைப்பிடி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாங்கினேன். வந்து சேர்ந்த பெட்டியில் டைகளின் மேல் 6, 8, 10, 12 என்று எண்கள். அவை ஏ.சி. ஹோஸின் அளவுகள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஏ.சி. தொழிலில் 6 என்றால் உள்விட்டம் 5/16 அங்குலம், 8 என்றால் 13/32, 10 என்றால் அரை அங்குலம், 12 என்றால் 5/8. அதாவது நான் வாங்கியது அலுமினிய உறையை ஏ.சி. ஹோஸின் மேல் அழுத்துவதற்கென்று செய்த கருவி. ஸ்டியரிங் ஹோஸின் கேப் இரும்பு.

கசிந்த நுனியை வெட்டினேன். ஒரு கடையில் நிப்பிளும் கேப்பும் வாங்கினேன். பொருந்துகிற மாதிரி இருந்த டையைப் போட்டு, முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினேன். கசிவு நின்றுவிட்டது. இரண்டு நாள் கீழே அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் மூவாயிரம் மிச்சம் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், பௌர்ணமிக்கு முந்தைய மாலை. வண்டிகளை இன்னும் நிறுத்தவில்லை, ஆனால் வெளியூர்க்காரர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா முன்னால், பக்கத்து வீட்டுக் குழந்தை பின்னால். ஊருக்குள் போய்ப் பூ, பழம் வாங்கி வரலாம் என்று கிளம்பினோம். செங்கம் சாலைப் பக்கம் ஒரு இடத்தில் வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. எதிரே நடந்து வருகிற கூட்டம். பிரேக் வேலை செய்தது, நின்றுவிட்டேன். அதற்குள் பானெட் இடுக்கில் இருந்து வெள்ளைப் புகை. ஸ்டியரிங் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் பீச்சியடித்திருக்கிறது. அந்த எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது. குழந்தையை இறக்கினோம். எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஓடி வந்து இரண்டு சட்டி மணலை அள்ளிக் கொட்டினார். தீ வரவில்லை. யாருக்கும் அடியில்லை.

ஆறிய பிறகு அவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “எந்த மெக்கானிக் அண்ணே இதை அழுத்தினது? நல்லா நாலு கேள்வி கேளுங்க அவனை” என்றார். நான் பதில் சொல்லவில்லை. குடியிருப்புக்குத் திரும்பி வந்து எல்லோரிடமும் ‘பழைய ஹோஸ், வெடித்துவிட்டது’ என்றுதான் சொன்னேன். குழந்தையின் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். போன வாரம்தான் அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். இந்தக் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்ட பிறகு, முதலில் அவர்களிடம் சொல்லாமல் உங்கள் முன் நிற்க முடியவில்லை.

பிறகு விசாரித்ததில் தெரிந்துகொண்டது இது. உயர் அழுத்த ஹோஸை அழுத்துவதில் கைபலத்துக்கு வேலையே இல்லை, அளவுக்குத்தான் வேலை. ஹோஸ் செய்யும் நிறுவனம், ‘இந்த ஹோஸுக்கு இந்தக் கேப், அழுத்தி முடித்த பிறகு வெளிவிட்டம் இத்தனை மில்லிமீட்டர்’ என்று அட்டவணை கொடுக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்று கணக்கு. குறைவாக அழுத்தினால் பிடுங்கிக்கொண்டு வரும். அதிகமாக அழுத்தினால் உள்ரப்பர் நசுங்கி, ஆறு மாதம் கழித்துக் கசியும். ஒரு நிறுவனத்தின் ஹோஸுக்கு இன்னொரு நிறுவனத்தின் கேப்பைப் போட்டால் அட்டவணையே செல்லாது. ஒழுங்கான ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் கவனித்துப் பாருங்கள். இயந்திரத்தில் பொதுவாக எட்டுத் துண்டு டை இருக்கும், சுற்றிலும் ஒரே சீராக உள்ளே வரும். முதலில் ஹோஸ் எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று வெள்ளைக் கோடு போடுவார். அழுத்திய பின் வெர்னியர் காலிப்பரால் இரண்டு மூன்று இடத்தில் அளப்பார். அளக்காமல் கொடுக்கிற கடையில் வாங்காதீர்கள். என்னுடைய கருவியில் இருப்பது இரண்டு பாதி டை. என்னிடம் வெர்னியரும் இல்லை, அட்டவணையும் இல்லை. வங்கியில் பெரிய தொகைக்கான டி.டி. இரண்டு கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. அங்கே இருந்து வந்தவன் இப்படிச் செய்தேன்.

இந்தக் கருவி ஏ.சி. வேலைக்காவது உதவாதா என்று கேட்பீர்கள். உதவும், ஏ.சி. மெக்கானிக்குக்கு. ஏ.சி. ஹோஸை அழுத்துவது மொத்த வேலையில் கால்வாசிகூட இல்லை. பழைய வாயுவை முறையாக எடுக்க வேண்டும், வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும், கேஜ் வைத்து அளந்து வாயு நிரப்ப வேண்டும். நிறைய கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற வாயு கழித்தல் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கருவி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் நாம் என்னதான் செய்யலாம்? நிறையச் செய்யலாம். ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், வைப்பர் தண்ணீர்க் குழாய், கார்புரேட்டர் பைக்கின் பெட்ரோல் குழாய், இவை எல்லாம் கிளாம்ப் வகை. எலி கடிப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

திருகி இறுக்கும் கிளாம்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், தோட்டத்துக் குழாயிலும் போடுகிறோம். இதை ஜூபிலி கிளிப் என்ற பெயரில் 1921-இல் காப்புரிமை வாங்கியவர் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை கமாண்டர். நூறு வருடம் ஆகியும் அதை மிஞ்ச எளிதாக ஒன்றும் வரவில்லை. இதற்குக் கருவி ஒரு ஸ்க்ரூ டிரைவர், அல்லது 7, 8 எம்.எம். பாக்ஸ் ஸ்பானர். ஆனால் கடையில் இரண்டு விதம் கிடைக்கும். பட்டையில் நெடுக ஓட்டை வெட்டியது ஒன்று. அந்த ஓட்டை வழியாக ரப்பர் பிதுங்கி நாளடைவில் அறுந்துவிடும். ஓட்டை விழாமல் பள்ளம் மட்டும் பதித்து, ஓரம் மழுங்கலாக இருப்பது இன்னொன்று. சில ரூபாய்தான் வித்தியாசம். இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சில ரகங்கள் காந்தத்தில் ஒட்டும்.

அடுத்தது காது கிளாம்ப். பட்டையில் சின்ன காது மாதிரி ஒரு மடிப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதை இடுக்கியால் நெருக்கினால் பட்டை சுருங்கி இறுகிவிடும். சுவிட்சர்லாந்தின் ஓட்டிக்கர் நிறுவனத்தின் பெயராலேயே உலகம் முழுக்க இதைச் சொல்கிறார்கள். முன்சக்கர ஆக்சிலின் ரப்பர் பூட்டில் இருப்பது பெரும்பாலும் இதுதான். நாம் வீட்டில் வைத்துக்கொள்ளத் தகுந்த கிரிம்பிங் கருவி என்றால் என் கணக்கில் இந்தக் காது கிளாம்ப் இடுக்கி ஒன்றுதான். வாங்கும்போது வாய் இரண்டும் நேராகச் சந்திக்கிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வாயின் நுனி தட்டையாக இருக்க வேண்டும், கூராக இருந்தால் காதை வெட்டிவிடும். கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரை வைத்து நெருக்குவது கூடவே கூடாது. பக்கவாட்டில் வாய் உள்ள இடுக்கி கிடைத்தால் இன்னும் நல்லது, இன்ஜின் இடுக்குகளில் நேராகக் கை போகாது.

கிளாம்ப் அளவில்தான் எல்லோரும் தவறுவார்கள். ஹோஸைக் குழாயில் ஏற்றிய பிறகு அதன் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும், ஏற்றுவதற்கு முன் அளக்கக் கூடாது. குழாயில் ஏறியதும் ரப்பர் விரியும். கிளாம்பில் 15.7 என்று பொறித்திருந்தால் அது நெருக்குவதற்கு முன் உள்ள விட்டம். அதில் இருந்து சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை சுருங்கும். ஒரு முறை நெருக்கியதைத் திரும்பப் போடக் கூடாது. கிளாம்பை ஹோஸின் விளிம்பிலேயே போடாமல் நாலைந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். குழாயின் நுனியில் புடைப்பு இருக்கும், அதற்குப் பின்னால் கிளாம்ப் உட்கார வேண்டும். இன்ஜின் ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒருவர் கையைச் சுட்டுக்கொள்கிறோம்.

பெட்ரோல் ஹோஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகள் பலவற்றின் ரப்பர் பாகங்கள் இந்த அளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. மேலே வெடிப்பு, தொட்டால் பிசுபிசுப்பு, வீக்கம் தெரிந்தால் கிளாம்பை இறுக்கிப் பயனில்லை, ஹோஸையே மாற்றுங்கள். ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். இஞ்செக்‌ஷன் வண்டிக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருக்க வேண்டும். ஒன்றும் அச்சடிக்காத கறுப்புக் குழாயை அடிக்கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள், அதை வாங்காதீர்கள். என்னைக் கேட்டால் இஞ்செக்‌ஷன் வண்டியின் பெட்ரோல் ஹோஸை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

இனி பிரேக். போன மாதம் நம் பி பிளாக் தம்பி ஒருவர் தன் பைக்கின் முன் டிஸ்க் பிரேக் ஹோஸைக் கழற்றிக் கையோடு கொண்டு வந்தார். “சார், உங்ககிட்டதான் மெஷின் இருக்கே, ஒரே ஒரு அழுத்து அழுத்திக் கொடுங்க” என்றார். “முடியாது தம்பி” என்றேன். “காசு வேணும்னா தர்றேன் சார்.” “காசுக்கில்லப்பா, முடியாது.” அன்றில் இருந்து லிஃப்டில் பார்த்தால் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் இன்று வந்திருக்கிறாரா தெரியவில்லை. காரணத்தை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் ஸ்டியரிங் கதையையும் சொல்ல வேண்டிவருமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி, காரணம் இதுதான். பிரேக் ஹோஸுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 7079 என்ற தரம் இருக்கிறது. அமெரிக்காவின் 106ஆம் எண் பாதுகாப்பு விதியில் என்ன சோதனை என்று படித்தேன். 4,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும், அதற்கு மேலும் ஏற்றி எங்கே வெடிக்கிறது என்று பார்ப்பார்கள். வளைத்து ஆட்டும் இயந்திரத்தில் 35 மணி நேரம் ஓட வேண்டும். உங்கள் கையில் இருந்த ஹோஸ் தொழிற்சாலையில் அழுத்தி, சோதித்து வந்த முழுப் பொருள். அதைத் திரும்ப அழுத்துவது என்று ஒன்று கிடையாது. கசிந்தால் புதிது. நான் அழுத்திக் கொடுத்திருந்தால் என் ஸ்டியரிங் ஹோஸ் மாதிரி இரண்டு நாள் நன்றாகவே நின்றிருக்கும். எனக்கு அன்று பிரேக்காவது இருந்தது.

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்கள், வீட்டு கேஸ் அடுப்பு டியூபுக்குக் காது கிளாம்ப் போடலாமா என்று. அடுப்பு ரெகுலேட்டரில் இருந்து வரும் அழுத்தம் மிகக் குறைவு, அரை பி.எஸ்.ஐ.கூட இல்லை. அதனால் போட்டால் நிற்கும். ஆனால் போடாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி பின்னி, ஐ.எஸ். 9573 முத்திரையோடு வரும் சுரக்‌ஷா டியூப் கிளாம்ப் எதுவும் இல்லாமலே நிப்பிளில் இறுக்கமாக உட்காரும்படி செய்தது. தளர்ந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். 5 வருடத்துக்கு ஒரு முறை எப்படியும் மாற்ற வேண்டும், தேதி டியூபின் மேலேயே இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் குனிந்து பாருங்கள்.

கடைசியாகக் கணக்கு. என் கருவியின் அடக்க விலை ஆறாயிரத்துச் சொச்சம். நான்கு வருடத்தில் அதைப் பயன்படுத்தியது இரண்டு முறை. ஒன்று நான் சொன்னது. இன்னொன்று பழகிப் பார்க்க வெட்டுத் துண்டில் அழுத்தியது. ஆக ஒரு அழுத்துக்கு மூவாயிரம். அதன்பின் புது ஸ்டியரிங் ஹோஸ், எண்ணெய், இழுவை வண்டி எல்லாம் பற்று வைத்தால் மெக்கானிக் சொன்ன தொகையைப் போல மூன்று மடங்கு. எட்டுத் துண்டு டை உள்ள நல்ல இயந்திரம் லட்சத்தை நெருங்கும். 48 வீட்டுக்கு அது முதலீடு இல்லை, முடங்கிய பணம். ஊருக்குள் டிராக்டர், ஜே.சி.பி. ஹோஸ் அழுத்தும் கடைகள் இருக்கின்றன. பழைய ஹோஸைக் கொண்டுபோனால் அளவு பார்த்து அங்கேயே அழுத்திக் கொடுத்துவிடுவார்கள்.

எனவே என் பரிந்துரை: காது கிளாம்ப் இடுக்கி ஒன்று, வெர்னியர் ஒன்று, பல அளவில் காது கிளாம்ப் ஒரு பெட்டி, ஓட்டை விழாத திருகு கிளாம்ப் இருபது, அச்சடித்த ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு மீட்டர். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடியும். கூட்டம் இதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. பொருட்கள் வாங்கிக் காவலர் அறையில் இரும்புப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. எடுப்பவர் பதிவேட்டில் பெயர், வீட்டு எண், எந்த ஹோஸுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘எந்த ஹோஸுக்கு’ என்ற பத்தியை நான்தான் சேர்த்தேன். அதில் பிரேக், ஸ்டியரிங், ஏ.சி., கேஸ் என்று எழுதினால் காவலர் பெட்டியைத் திறக்கமாட்டார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் கீழ்த்தளத்தில் இருப்பேன், கிளாம்ப் போடப் பழக விரும்புகிறவர்கள் வரலாம். தம்பி, நீங்களும் வாருங்கள்.

என்னுடைய பழைய கருவி வீட்டில் சும்மா கிடக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஏ.சி. மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான்கு டையோடு கொடுத்துவிடுகிறேன். பில்லும் பத்திரமாக இருக்கிறது.